பதினெட்டு போல்ட்டில் இரண்டு

எங்கள் குவார்ட்டர்ஸ் முன்னறையில் இருந்த சோபாவைத் தூக்கி வராந்தாவில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு ரோபோவைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதன் நாலு சக்கரமும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் புதிதாக அறுத்த பிளைவுட் பலகை ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. மரத்தூளும் பசையும் கலந்த வாடை சமையலறை வரை போயிருந்தது.

நான் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். இடது கையில் போல்ட் திருப்பும் ஆலன் கீ. வலது கை மடியில் கிடந்தது.

போன வாரம் சுரங்கத்தில் நிலக்கரி ஏற்றிச் செல்லும் பெல்ட் கிழிந்த கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு வாசகர், "எல்லாக் கதையிலும் நீங்கள்தான் சரியாகச் செய்கிறீர்கள். ஃபிட்டர் என்றால் ஒரு தப்பும் செய்ய மாட்டாரா?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். முப்பது வருட வேலையில் நான் தெரிந்தே செய்த தப்பு ஒன்றுதான். அதைச் சுரங்கத்தில் செய்யவில்லை. என் வீட்டு முன்னறையில், என் மகளுக்குச் செய்தேன்.

வலது கை

அதற்கு ஏழு மாதம் முன்பு எனக்குப் பக்கவாதம் வந்தது. லேசானதுதான் என்று டாக்டர் சொன்னார். போனது அவர் கை இல்லையே.

கால் சீக்கிரம் தேறியது. வாய் கொஞ்சம் கோணி, பிறகு நேரானது. வலது கை மட்டும் வரவில்லை. தோள் தூக்கும், முழங்கை மடங்கும், விரல்கள் மூடும். ஆனால் மூடிய விரலில் பிடி நிற்காது. தம்ளரைப் பிடித்தால் பிடித்த மாதிரி இருக்கும். தூக்கினால் தம்ளர் மேஜையிலேயே இருக்கும்.

பிசியோதெரபி செய்ய வரும் பெண், ஒரு தட்டில் கோலிக் குண்டுகளைக் கொட்டி, ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போடச் சொல்வாள். என் மனைவி வளர்மதி சப்பாத்தி மாவை உருட்டிக் கையில் கொடுத்து, "பிசைஞ்சு குடுங்க" என்பாள். நான் இரண்டையும் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்வேன். வீட்டுக்கு யாராவது வந்தால் வலது கையை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொள்வேன். ஷிப்டில் கூட இருந்தவர்கள் பார்க்க வந்தபோதெல்லாம் தூங்குவதாகச் சொல்லச் சொன்னேன். கொஞ்ச நாளில் அவர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

போடி பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் நெய்வேலிக்கு வந்தவன் நான். இங்கே என்னை எல்லாரும் அறிந்தது கையை வைத்துத்தான். "அவர் முடுக்கினா திரும்பப் பாக்க வேண்டாம்" என்பார்கள். அந்தப் பேச்சு இருந்த இடத்தில் இப்போது கோலிக் குண்டு.

பலகை எதற்கு

என் மகள் கயல்விழி அப்போது கடலூர் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் மூன்றாம் வருடம். ரோபோ போட்டிக்கு அவளும் இன்னும் இரண்டு பேரும் ஓர் அணி. ஒருத்தி சுகன்யா, காடாம்புலியூர்ப் பெண். அவள் அப்பா எங்கள் சுரங்கத்தில் கான்ட்ராக்டில் லாரி ஓட்டுகிறார். இன்னொருவன் ஜோயல். கம்ப்யூட்டர் வேலை அவனுடையது.

தரையில் கிடக்கும் பந்துகளை ரோபோ பொறுக்கி, ஒரு சரிவில் ஏறி, மேலே இருக்கும் கூடையில் போட வேண்டும். முதலில் அடியில் கண்ணாடி மாதிரி அக்ரிலிக் தகடு போட்டிருந்தார்கள். கல்லூரியில் ஓட்டிப் பார்த்தபோது சரிவின் விளிம்பில் இடித்து அது குறுக்காக விரிசல் விட்டுவிட்டது. அலுமினியத் தகடு போட்டால் எடை கூடிவிடும், போட்டியில் சேர்க்க மாட்டார்கள். கடைசியில் ஜோயல் வடலூரில் ஒரு கடையில் ஆறு மில்லி பிளைவுட்டை அளவாக அறுத்துக்கொண்டு வந்தான்.

பொங்கல் விடுமுறை, கல்லூரி லேப் பூட்டியிருந்தது. போட்டி சனிக்கிழமை, கடலூரில். வெள்ளிக்கிழமை காலையில் மூன்று பேரும் ரோபோவோடு எங்கள் வீட்டில் இறங்கினார்கள்.

ரோபோவின் சட்டம் அலுமினிய ஆங்கிள். பலகை அதன் அடியில் உட்கார வேண்டும். பதினெட்டு போல்ட். வெளிப்பக்கம் போல்ட்டின் தலை பலகையோடு பலகையாக அமிழ்ந்திருக்க வேண்டும். துருத்தினால் சரிவில் மாட்டும். உள்பக்கம் நட்டு. அதுவும் சாதா நட்டு இல்லை, உள்ளே நைலான் வளையம் வைத்த லாக் நட்டு. எவ்வளவு குலுங்கினாலும் கழலாது. ஆனால் விரலால் ஏற்ற முடியாது. ஒரு கை ஸ்பேனரால் நட்டைப் பிடிக்க, இன்னொரு கை போல்ட்டைத் திருப்ப வேண்டும்.

துளை போடுவதைத் தள்ளி நின்று பார்த்தேன். சுகன்யா டிரில்லை நேராகப் பிடிக்கத் தெரிந்தவள். கயல் அடியில் ஒரு வேஸ்ட் கட்டை கொடுத்தாள், துளையின் மறுபக்கம் பிளைவுட் பிய்யாமல் இருக்க. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நன்றாக இருந்தது பார்க்க.

மதியம் ஒன்றரை மணிக்கு வளர்மதி சாப்பிடக் கூப்பிட்டாள். சாம்பாரில் மொச்சை வாசனை வந்தது. மூன்று பேரும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

"நீங்க சாப்பிட்டு வாங்க"

"நீங்க சாப்பிட்டு வாங்க. நான் முடுக்கி வைக்கிறேன்" என்றேன்.

அப்படிச் சொல்ல வேண்டும் என்று திட்டம் எதுவும் இல்லை. வாய் சொல்லிவிட்டது.

கயல் என் கையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தாள். "முடியுமாப்பா?"

"முப்பது வருஷம் வேற என்ன பண்ணேன்?"

அவள் முகம் மலர்ந்ததை இப்போதும் சொல்ல முடியும். ஏழு மாதமாக அவள் காத்திருந்த வார்த்தை அது. ஆலன் கீயை என் இடது கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

முதல் பதினாறு போல்ட்டும் ஏறின. அதற்கு ஒரு யுக்தி உண்டு. ஸ்பேனரை நட்டில் மாட்டி, அதன் வாலைச் சட்டத்தில் முட்டுக்கொடுத்துவிட்டால் பிடிக்கவே வேண்டாம், அதுவே நிற்கும். இடது கையால் திருப்பினால் போதும். ஒவ்வொன்றும் கடைசிச் சுற்றில் 'கிர்' என்று இறுகியபோது எனக்குள்ளும் ஏதோ இறுகியது. பத்தாவது போல்ட்டில் சீட்டி அடித்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் வளர்மதி பேச்சை நிறுத்தி அதைக் கேட்டாள் என்று பிறகு சொன்னாள்.

பின்பக்கத்து இரண்டு போல்ட் மட்டும் மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருந்தன. அங்கே முட்டுக்கொடுக்க இடமில்லை. விரலை விட்டு ஸ்பேனரைப் பிடித்தே ஆக வேண்டும். வலது கையை உள்ளே விட்டேன். விரல் மூடியது. போல்ட்டைத் திருப்பினேன். ஸ்பேனர் நழுவி விழுந்தது. மறுபடி. மறுபடி. ஐந்தாவது தடவை விழுந்தபோது உள்ளேயிருந்து கயல், "என்னப்பா சத்தம்?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. சாப்பிடு."

என் பழைய பிஸ்கட் டப்பாவில் சாதா நட்டுகள் கிடந்தன. அதே அளவு. விரலால் உருட்டினாலே ஏறக்கூடியவை. இரண்டு லாக் நட்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சாதா நட்டு இரண்டை இடது கை விரலால் ஏற்றினேன். மோட்டாரின் மறைவில் இருந்ததால் எந்த நட்டு என்று யாருக்கும் தெரியாது.

அவர்கள் கை கழுவிக்கொண்டு வந்தபோது, "முடிஞ்சுது" என்றேன்.

சுகன்யா பலகையைத் தட்டிப் பார்த்தாள். "சூப்பருப்பா! நாங்க மூணு பேரும் ஒக்காந்துகினு செஞ்சிருந்தா சாயங்காலம் ஆயிருக்கும்." கயல் என் தோளில் ஒரு கணம் நெற்றியை வைத்து எடுத்தாள்.

ஏழுமலை

இங்கே இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பல வருடம் முன்பு எங்கள் பிரிவில் ஏழுமலை என்று ஒரு கான்ட்ராக்ட் ஆள் இருந்தார். குறிஞ்சிப்பாடி பக்கத்துக்காரர். என்னைவிட மூத்தவர், ஆனாலும் என்னை சார் என்றுதான் கூப்பிடுவார். பெல்ட்டின் ஓரத்தில் ஒரு கம்பி வலைக் காப்பை மாட்டச் சொல்லியிருந்தேன். போய்ப் பார்த்தால் எட்டு போல்ட்டில் மூன்று லூசாக இருந்தன. எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"நேத்து மணிக்கட்டுல அடிபட்டுடுச்சு சார். அழுத்திப் புடிக்க முடியல" என்றார்.

"முடியலன்னா முடியலன்னு முன்னாடியே சொல்லணும். செஞ்ச மாதிரி காட்டக் கூடாது" என்றேன். அன்றைக்கு அவரை வேலையை விட்டு வெளியே நிற்கவும் வைத்தேன்.

நான் சொன்னது சரியான பேச்சுதான். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் 'முடியல' என்று சொன்னால் அடுத்த நாள் வேலை இருக்குமா என்ற பயம் அவருக்கு இருந்திருக்கும். அதை நான் கேட்கவே இல்லை. எனக்கு அந்தப் பயம்கூடக் கிடையாது. மகள் முன்னால் தோற்கக் கூடாது என்ற ஒன்றைத் தவிர என்னிடம் வேறு காரணம் இல்லை.

கடலூர் பஸ்

சனிக்கிழமை விடியற்காலையில் ரோபோவைப் பழைய போர்வையில் சுற்றி வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கயல் என்னையும் கூப்பிட்டாள். கூட்டம் எனக்கு ஆகாது என்று சொல்லிவிட்டேன்.

இட்லி தட்டுக்கு வந்தது. தொடவில்லை. முதல் ஷிப்ட் சங்கு ஊதியது. சட்டைப் பையில் இருந்த இரண்டு நட்டும் உடம்பில் உறுத்திக்கொண்டே இருந்தன. வளர்மதியிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"கழண்டா என்ன ஆகும்?"

"பலகை தொங்கும். சரிவுல மாட்டிக்கும். நட்டு உள்ள விழுந்து சர்க்யூட்ல பட்டா மொத்தமும் கருகிடும்."

கயலுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. சுகன்யாவுக்குப் போட்டாள். அவளும் எடுக்கவில்லை.

"சட்டைய மாத்துங்க" என்றாள்.

"நீயும் வா."

"நான் வரல. கூட வந்தா நீங்க என்னைய பேசச் சொல்லிட்டு ஓரமா நிப்பீங்க. செஞ்சது நீங்க, போய்ச் சொல்லுங்க."

சட்டை மாற்றி, இரண்டு நட்டையும் அதன் பையில் போட்டுக்கொண்டேன். பஸ் ஸ்டாப் வரை வந்து ஏற்றிவிட்டாள். வடலூரில் இறங்கிக் கடலூர் பஸ் மாறினேன். ஏழு மாதத்தில் முதல் பஸ். இடது கையால் கம்பியைப் பிடித்தால் டிக்கெட் எடுக்கக் கையில்லை. கண்டக்டர் பார்த்துவிட்டு, "பெரியவரே, மொதல்ல ஒக்காருங்க, டிக்கெட்டு எங்க ஓடிடப் போவுது" என்று ஓர் இளைஞனை எழுப்பி இடம் கொடுத்தார். எனக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. பெரியவர் ஆனேன்.

குறிஞ்சிப்பாடி தாண்டியதும் முந்திரித் தோப்பிலிருந்து பூ வாசனை ஜன்னலில் வந்தது. குள்ளஞ்சாவடியில் சந்தைக் கூட்டம் ஏறி முடிகிற வரைக்கும் பஸ் நின்றது. கூடைகளும் ஒரு சேவலும் ஏறின. ஓட்டுநர் டீ குடித்தார். இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது, கடலூருக்கும் சரி, வீட்டுக்கும் சரி. உட்கார்ந்து என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எப்படி ஆரம்பித்தாலும் அது ஒரு சாக்காகவே முடிந்தது.

பன்னிரண்டு நிமிடம்

போட்டி நடந்த கூடம் ரயில் நிலையம் மாதிரி இரைந்தது. ஐம்பது மேஜை, ஐம்பது ரோபோ, மைக்கில் ஒருவர் விடாமல் பேச்சு. கடைசி வரிசையில் கயலைக் கண்டுபிடித்தேன். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"அப்பா! பாக்க வந்துட்டீங்களா? இன்னும் பன்னெண்டு நிமிஷத்துல எங்க மேட்ச்."

அந்தச் சந்தோஷத்தைப் பார்த்த பிறகு சொல்வது இன்னும் கடினமாக இருந்தது. சாக்கு எதுவும் சொல்லாமல் சொல்லிவிட்டேன்.

"கயலு, பின்னாடி ரெண்டு நட்டும் லாக் நட்டு இல்ல. நான் மாத்திட்டேன். ஸ்பேனர் கையில நிக்கல. சாதா நட்ட விரலால ஏத்திட்டு முடிஞ்சுதுன்னு பொய் சொன்னேன்."

அவள் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "ஏம்ப்பா?" என்றாள்.

ஜோயல் அதற்குள் பேட்டரியைக் கழற்றிவிட்டான். மூன்று பேரும் ரோபோவைக் கவிழ்த்தார்கள். உள்ளேயிருந்து ஒரு நட்டு உருண்டு வந்து தரையில் விழுந்து ஓடியது. காலையில் வேனில் குலுங்கியதிலேயே கழன்றிருக்கிறது. அது கழன்ற இடத்துக்கும் சர்க்யூட் போர்டுக்கும் ஒரு விரல்கடை தூரம்தான். இன்னொன்றைச் சுகன்யா விரல் நுனியால் தொட்டாள். அதுவும் சுழன்றது.

சட்டைப் பையிலிருந்து இரண்டு லாக் நட்டையும் எடுத்து மேஜையில் வைத்தேன். கயல் கடிகாரத்தைப் பார்த்தாள். சுகன்யா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முட்டி போட்டாள்.

"எடத்த காட்டுங்கப்பா. நான் உள்ள புடிச்சிகினு இருக்கேன், நீங்க மேல திருப்புங்க."

"நீங்களே செஞ்சிடுங்கம்மா. நான் எதுக்கு?"

"எனக்கு உள்ள ஒண்ணும் தெரியல. நட்டு எங்க ஏறணும்னு ஒங்களுக்குத்தான் தெரியும். வாங்க, டைம் போயிகினே இருக்குது."

நானும் தரையில் உட்கார்ந்தேன். அவள் கை சிறியது, இடுக்கில் சுலபமாகப் போனது.

"இன்னும் உள்ள. கொஞ்சம் மேல. மோட்டார் ஒயரைத் தாண்டி. அங்கதான்."

"மாட்டிக்கிச்சு. திருப்புங்க."

இடது கையால் திருப்பினேன். பாதியில் அவள் ஸ்பேனரும் நழுவியது. "அய்ய, இது எனக்கே நிக்கலயே. நீங்க எப்பிடி ஒத்த ஆளா இத்த செய்யலாம்னு நெனச்சீங்க?" என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். இரண்டு கை சரியாக உள்ளவருக்கும் இரண்டு பேர் வேண்டிய வேலை அது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

முதல் நட்டு இறுகியது. இரண்டாவதற்குக் கயல் வந்து சட்டம் ஆடாமல் அழுத்திப் பிடித்தாள். மூன்று பேர் கையும் ஒரு சாண் இடத்தில் இருந்தன. கடைசிச் சுற்றில் 'கிர்' என்றது.

"டைட்டாப்பா?" என்று கேட்டாள் கயல். இந்த முறை என் முகத்தைப் பார்க்கவில்லை. போல்ட்டைப் பார்த்துக் கேட்டாள்.

"டைட்டு. நீயும் ஒருதரம் பாரு" என்று ஆலன் கீயைக் கொடுத்தேன். பார்த்தாள். பதினெட்டையும் பார்த்தாள். எனக்கு அது வலித்தது. ஆனால் சரியான காரியம்.

மேட்ச்

முதல் ஆட்டத்தில் ஜெயித்தார்கள். ரோபோ சரிவின் விளிம்பில் பலகையை உரசிக்கொண்டு ஏறியபோது நான் மூச்சு விடவில்லை. அது வழுக்கிக்கொண்டு மேலே போனது. சுகன்யா குதித்த குதியில் பக்கத்து மேஜைத் தண்ணீர் பாட்டில் கவிழ்ந்தது. இரண்டாவதிலும் ஜெயித்தார்கள். மூன்றாவதில் எதிர் அணியின் ரோபோ ஒரேயடியாக நாலு பந்தை அள்ளியது. இவர்களுடையது ஒவ்வொன்றாகத்தான் பொறுக்கும். தோற்றார்கள். பலகை அசையவில்லை.

தோற்ற பிறகு கயல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் இருவரும் அடுத்த ஆட்டத்தைப் பார்த்தோம்.

"எனக்குக் கோவம் இன்னும் போகலப்பா."

"இருக்கட்டும்மா."

"கை முடியலன்னா பரவாயில்ல. பிடிக்கறதுக்கு நாங்க மூணு பேர் இருக்கோம். நட்ட மாத்தினா எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதனாலதான் மாத்தினேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கோபம் இருந்தது, கையும் அங்கேயே இருந்தது. விரல்களில் அலுமினியக் கறை. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அப்போது நீல டி-ஷர்ட் போட்ட ஒரு பெண் எங்கள் மேஜைக்கு வேகமாக வந்தாள். மூன்றாவது ஆட்டத்தில் இவர்களைத் தோற்கடித்த அணியைச் சேர்ந்தவள். அவர்களுடைய ரோபோவின் சக்கரத் தாங்கி ஒன்று ஆடுகிறதாம், அரையிறுதிக்குக் கொஞ்ச நேரம்தான் இருக்கிறதாம், லாக் நட்டு ஏதாவது கிடைக்குமா என்று கேட்டாள்.

ஜோயல் டப்பாவைத் துழாவி ஒரு நட்டை எடுத்துக் கொடுத்தான். சுகன்யா என்னைக் காட்டினாள். "எங்க டீம் ஃபிட்டர் அவுருதான். கூட்டிகினு போங்க."

கயலைப் பார்த்தேன். "போங்கப்பா" என்றாள்.

அந்த அணியின் மேஜைக்குப் போனேன். தாங்கிக்கு அடியில் நல்ல இடுக்கு. எட்டிப் பார்த்தாலே தெரிந்தது, ஒரு ஆள் வேலை இல்லை. அந்தப் பெண் ஸ்பேனரையும் ஆலன் கீயையும் சேர்த்து என் கையில் கொடுக்க வந்தாள். கூடத்தின் இரைச்சலில் கேட்க வேண்டுமே என்று குரலை உயர்த்தினேன்.

"எனக்கு வலது கை சரியா வேலை செய்யாதும்மா. நீ அடியில நட்டப் பிடி. நான் திருப்புறேன்."

மைக்கில் யாரோ அடுத்த அணியின் பெயரைக் கூப்பிட்டார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெண் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு தரையில் முட்டி போட்டாள்.

"சரி அங்கிள். எந்தப் பக்கத்துலேர்ந்து கைய விடட்டும்?"